கஞ்சி போட்ட முகம்

லாண்டரிக்காரருக்கு எந்தத் துணியைக் கண்டும் பயம் கிடையாது. மை கொட்டின சட்டை, ஆணியில் மாட்டிக் கிழிந்த கால்சட்டை, மூன்று வருஷம் பெட்டிக்குள் கிடந்து மஞ்சள் பூத்த வெள்ளைக் கோட்டு, எதைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டாலும் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, "வியாழக்கிழமை வாங்க" என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் கேமராவைக் கண்டால் மட்டும் ஆடிப்போய்விடுவார்.

ஆடிப்போவது என்றால் கைகால் உதறுவது இல்லை. எல்லாம் அப்படியே விறைத்துக்கொள்ளும். கழுத்து நட்டுக்கொண்டு நிற்கும். தோள் இரண்டும் காதைத் தொடப் போகும். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொள்வார். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது அங்கிருந்த அம்மாள், "ஐயா, படந்தான் எடுக்கறோம், பல்லுப் பிடுங்கல" என்று ஆறுதல் சொல்லிப் பார்த்தாள். எடுத்து முடித்த படத்தில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

"மூஞ்சிக்குக் கஞ்சி போட்டு எடுத்த மாதிரி இருக்கு" என்பாள் அவர் மனைவி. தொழில் தெரிந்தவள் சொன்னால் தப்பாக இருக்காது.

அந்தக் கடையில் முன்பக்கம் அவளுடையது, பின்பக்கம் அவருடையது. அவள் துணி வாங்கி, எண்ணி, நம்பர் போட்டு, சீட்டுக் கிழித்துக் கொடுப்பாள். அவர் பின்னால் கறை எடுத்து, துவைத்து, தேய்த்து அடுக்குவார். இடையில் ஒரு திரை. மாடியில் வீடு. அவள் உட்காரும் நாற்காலிக்கு நேர் மேலே அவர்களுடைய கல்யாணப் படம் தொங்கியது. இருபத்தெட்டு வருஷமாக அதே ஆணி.

படத்தில் அவள் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் அவர், கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி. துணி வாங்க வருகிறவர்களுக்குச் சீட்டைத் தேடும் நேரத்தில் கண் மேலே போகும். "ஏம்மா, சாருக்கு அன்னைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள்.

"அதையேன் கேக்கறீங்க. நாலு பேரு பிடிச்சு இழுத்துட்டு வந்து என் பக்கத்துல நிறுத்தினாங்க. இன்னும் ரெண்டு பேரு படத்துக்கு வெளிய நின்னு காலைப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. நல்லாப் பாருங்க."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். திரைக்குப் பின்னால் இருந்து அவரும் சிரிப்பார். ஆனால் ஒவ்வொரு தடவையும் உள்ளே சுருக்கென்று குத்தும். ஏனென்றால் அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷத்தில் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை. படம் எடுத்தவன், "அசையாதீங்க, மூச்சு விடாதீங்க, கண்ணை மூடாதீங்க" என்றான். சொன்ன பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. மூன்றையும் ஒன்றாகச் செய்தார். அதன் பலன் ஆணியில் தொங்கியது. அந்த நாளைப் பற்றி உலகத்தில் இருந்த ஒரே சாட்சி, பொய்ச்சாட்சி.

மகளுக்குக் கல்யாணம் முடிவான மாதம் மழை விட்டபாடில்லை. மழைக்காலம்தான் லாண்டரிக்கு வரும்படிக்காலம், தலைவலிக்காலமும் அதுதான். வீட்டில் காயாத துணியெல்லாம் இங்கே வரும். இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்? உலர்த்துகிற இயந்திரம் ஒன்றுதான். அது நாள் முழுக்க உருண்டுகொண்டே இருந்தது. பின்கட்டில் கொடிமேல் கொடியாகக் கட்டி, கீழே இரண்டு ஃபேன் வைத்து, நடக்கும்போது யாருடைய ஈரக் கால்சட்டையாவது முகத்தில் அறையும்படி ஆகிவிட்டது. ஒரு வசதி உண்டு. இயந்திரத்தின் தலைமேல் ரொட்டியை வைத்தால் மத்தியானம் வரை சூடாக இருக்கும்.

அப்படிச் சூடாக இருந்த ரொட்டியும் அவித்த முட்டையுமாக நாலு பேரும் தேய்க்கிற மேசையைச் சுற்றி நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் மகள் பேச்சை எடுத்தாள். மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். நாலாவது ஆள் அவருடைய மைத்துனர், மனைவியின் தம்பி. ஃபேன் கடையில் விற்பனையாளர். அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது; தெரிந்த விஷயமும் அதிகம் கிடையாது.

"அப்பா, கல்யாணத்துக்குக் கேண்டிட் எடுக்கறவங்களச் சொல்லியிருக்கேன்."

"அப்படின்னா?"

மைத்துனர் முட்டையை விழுங்கிவிட்டு முந்திக்கொண்டார். "அத்தான், அதாவது நமக்குத் தெரியாம நம்மளப் படம் எடுக்கறது."

"தெரியாம எடுத்தா அது திருட்டுல்ல?"

"இல்லப்பா. நிறுத்தி வச்சு 'சிரிங்க'ன்னு சொல்லமாட்டாங்க. நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாத்துக்கிட்டு இருக்கலாம். நீங்க எப்படி இருக்கீங்களோ அப்படியே வரும்."

"இவர் எப்படி இருக்காரோ அப்படியே வந்தா விளங்கிடும்" என்றாள் மனைவி. பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப நாளாக வைத்திருந்ததைச் சொன்னாள். "இந்தாங்க, இப்பவே சொல்லிடறேன். இந்தக் கல்யாணத்துல எடுக்கற படத்த அந்தப் பழசுக்குப் பக்கத்துல மாட்டப் போறேன். அதுலயும் இதே மூஞ்சின்னா உங்கள விட்டுட்டு நானும் பொண்ணும் மாப்பிள்ளையும் இருக்கறதத்தான் மாட்டுவேன். ரெண்டு படத்துக்கும் பதில் சொல்லிக்கிட்டு உக்கார என்னால ஆகாது."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அவர் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டார். மகள் கல்யாணத்தில் அப்பன் இல்லாத படமா? ஊர் என்ன சொல்லும் என்பதுகூட இல்லை. இவள் பக்கத்தில் தான் சந்தோஷமாக இருந்ததற்கு ஒரே ஒரு படம், ஒன்றே ஒன்று, கண்ணை மூடுவதற்குள் வேண்டும் என்று அந்த நிமிஷத்தில் தோன்றிவிட்டது. தோன்றினால் போதுமா? முகம் ஒத்துழைக்க வேண்டாமா?

இரண்டு நாள் கழித்துப் படம் எடுக்கிற அம்மாளே கடைக்கு வந்தாள். நாற்பது வயது இருக்கும். ரப்பர் செருப்பு. வந்ததும் தெரியவில்லை, நின்றதும் தெரியவில்லை. மனைவி நிமிர்ந்து பார்த்தால் மேசைக்கு முன்னால் ஆள். கையில் ஏழு சட்டை, ஏழும் கறுப்பு.

"துக்க வீடா?" என்றாள் மனைவி.

"இல்லம்மா, தொழில். கறுப்புல இருந்தா கூட்டத்துல கண்ணுக்குத் தெரியமாட்டோம். உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு நாந்தான் எடுக்கறேன்."

லாண்டரிக்காரர் திரையை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, "காலர்ல கேமரா வார் உராஞ்சு பளபளப்பு ஏறியிருக்கு. எடுத்திடலாம்" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, டாக்டரிடம் வியாதியைச் சொல்வது போலத் தன் முகத்தைப் பற்றிச் சொன்னார். அந்த அம்மாள் மேலே தொங்கிய படத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். சிரிக்கவில்லை. அதிலேயே அவருக்கு அவள்மேல் மரியாதை வந்துவிட்டது.

"கேண்டிட்ல மூணு தினுசு இருக்கு ஐயா. முதல் தினுசு, தூரத்துல இருந்து பெரிய லென்ஸ் போட்டு எடுக்கறது. நான் இருக்கறதே உங்களுக்குத் தெரியாது. பாதிப் பேருக்கு இதுவே போதும்."

"ரெண்டாவது?"

"கிட்டயே நிக்கறது. கூடவே சுத்தறது. முதல்ல ஒரு மாதிரி இருக்கும். அரைமணி நேரத்துல நாற்காலி மேசை மாதிரி நானும் ஒரு சாமான்னு ஆயிடும். அப்ப எடுப்பேன்."

"அதுக்கும் மசியலேன்னா?" என்றாள் மனைவி.

"அதுக்குத்தான் மூணாவது. சில பேர சும்மா உக்காரவச்சா முகம் வராது. கையில ஒரு வேலையக் கொடுத்துடணும். வேலைல இறங்கிட்டா கேமராவாவது, மண்ணாவது. ஆனா அந்த வேலைய ஏற்பாடு பண்றவங்க ஒருத்தர் பக்கத்துல இருக்கணும். அவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சவங்க முகம் மட்டும் படத்துல கட்டை மாதிரி வரும். அவங்கள ஓரமா வெட்டிட்டுத்தான் கொடுப்போம்."

மனைவி "ம்" என்றாள். ஏழு சட்டைக்கு நம்பர் போட்டுச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தாள்.

மைத்துனருக்குச் செய்தி எட்டியது. மறுநாளே ஃபேன் கடைக்கு விடுமுறை சொல்லிவிட்டு, செல்ஃபோனும் கையுமாக வந்து நின்றார். "அத்தான், இயல்பா இருக்கறதுங்கறது சும்மா வராது. பயிற்சி வேணும்."

"இயல்புக்கு எதுக்குடா பயிற்சி?" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு அக்கா. நான் வீடியோ பாத்திருக்கேன். அத்தான், நீங்க சட்டையத் தேய்ங்க. நான் அந்தப் பக்கமா வருவேன். நீங்க என்னைப் பாக்கக் கூடாது. பாக்காமலே சந்தோஷமா இருக்கணும்."

லாண்டரிக்காரர் பாக்காமலே சந்தோஷமாக இருந்து பார்த்தார். மைத்துனர் கொடிகளுக்கு நடுவே பதுங்கி வந்து, ஈரப் போர்வை ஒன்றில் சிக்கி, "தெரியாத மாதிரி இருங்க, தெரியாத மாதிரி இருங்க" என்று கத்திக்கொண்டே படம் எடுத்தார். பதினேழு படம். பதினேழிலும் அவர் ஏதோ கெட்ட வாடையை வெளியே சொல்லாமல் பொறுத்துக்கொள்கிற முகத்தோடு நின்றார்.

மாப்பிள்ளையும் ஒரு சாயங்காலம் வந்து சேர்ந்துகொண்டார். அவர் எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில் வேலை செய்கிறவர். "மாமா, மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க" என்றார் பழக்கதோஷத்தில். உடனே, "இல்ல இல்ல, விடுங்க, விடுங்க" என்று திருத்தினார். லாண்டரிக்காரர் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ததில் இருமல் வந்துவிட்டது.

கண்ணாடி முன்னால் நின்று அவர் தனியாகவும் பழகிப் பார்த்தார். சிரிப்பை எங்கிருந்து தொடங்குவது என்பதே தெரியவில்லை. உதட்டில் தொடங்கினால் கண்ணுக்கு ஏறுவதில்லை. கண்ணில் தொடங்கினால் அழுகிற மாதிரி ஆகிறது. நாலு நாளில் சாதாரணமாகச் சிரிக்கிற சிரிப்பும் அவருக்குச் சந்தேகமாகிவிட்டது. வாடிக்கையாளர் ஒருவர் நகைச்சுவை சொன்னபோது, 'இப்போது நான் சிரிக்கிறேனா, சரியாகச் சிரிக்கிறேனா' என்று யோசித்துக்கொண்டிருந்துவிட்டார். அந்த ஆள் சங்கடப்பட்டு, சீட்டைக்கூட வாங்காமல் போனார்.

"வேலில போற ஓணானப் பிடிச்சுக் காதுல விட்டுக்கிட்ட கதையா இருக்கு" என்று மனைவியிடம் புலம்பினார்.

"விடுங்க. என்ன வருதோ வரட்டும்" என்றாள் அவள். இவள் இப்படிச் சமாதானம் சொல்கிறவள் இல்லையே என்று அவருக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

கல்யாணத்தன்று காலையில் மழை சன்னமாகத் தூறிக்கொண்டிருந்தது. மண்டபத்துக்குக் கிளம்பும்போது மனைவியின் கைப்பையை வாங்கி வண்டியில் வைக்கப் போனவர், தோள் ஒரு பக்கம் சாய்ந்து, "என்ன இது, கல்லா கட்டிக்கிட்டு வர்ற?" என்றார்.

"மாத்துச் செருப்பு. மழைல்ல?" என்று பையைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் கத்தரிப்பூ நிறத்தில் பட்டுச் சால்வை போட்டிருந்தாள். அதை இரண்டு நாள் முன்னால் அவரே தேய்த்து மடித்துக் கொடுத்திருந்தார்.

மண்டபத்தில் விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். முதல் தினுசு ஆரம்பமாயிற்று. கறுப்புச் சட்டை அம்மாள் எங்கோ தூணுக்குப் பின்னாலோ, மாடிப்படிக்கு மேலேயோ, திரைச்சீலை ஓரத்திலோ மறைந்துகொண்டாள். வேறு யாராக இருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் அவள் போட்டிருந்தது இவர் தேய்த்த சட்டை. தன் கையால் மடிப்பு எடுத்த காலர் அறுபதடி தூரத்தில் இருந்தாலும் அவருக்குத் தெரியும். பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் தெரிவது போலத் தெரியும். தூணுக்கு வெளியே அரை அங்குலம் காலர் நீட்டினால் போதும். "அதோ!" என்று முகம் மலர்ந்து, மறுகணம் அது கேமரா என்று நினைவு வந்து, கழுத்து நட்டுக்கொள்ளும். ஒரு தடவை கையைத் தூக்கி, காலர் ஒரு பக்கம் மடங்கியிருப்பதாகச் சைகைகூடக் காட்டினார்.

அம்மாள் இரண்டாவது தினுசுக்கு வந்தாள். அவர் போகிற இடமெல்லாம் இரண்டடி தள்ளி நின்றாள். இங்கேயும் தொழில் கெடுத்தது. முப்பது வருஷமாக யாராவது பக்கத்தில் வந்து பேசாமல் நின்றால், அது துணி வாங்க வந்த ஆள். அவர்களைக் காக்கவைக்கக் கூடாது. அரைமணி நேரத்தில் அவளை ஆறு தடவை திரும்பிப் பார்த்து, "என்னம்மா வேணும்?" என்று கேட்டுவிட்டார். ஏழாவது தடவை, "சீட்டு இருக்கா?" என்றே கேட்டுவிட்டார். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தப் படமும் விழுந்தது.

கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற நேரம் நெருங்கியது. மகள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். பதிலுக்குச் சிரிக்கலாம் என்று பார்த்தால் முகம் மரமாகிவிட்டது. 'அவ்வளவுதான். என்னை விட்டுட்டுத்தான் மாட்டுவா' என்று நினைத்துக்கொண்டு ஒரு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

அப்போது மனைவி வேகமாக வந்தாள். சால்வையின் முன்பக்கம் நெஞ்சிலிருந்து இடுப்பு வரை தேநீர்.

"என்னங்க, போச்சு. யாரோ இடிச்சுட்டாங்க." சொல்லிக்கொண்டே கைக்குட்டையால் துடைக்கப் போனாள்.

"தேய்க்காத! கைய எடு!"

அந்தக் குரல் மண்டபத்துக்குப் புதிது. அவர் எழுந்துவிட்டார். கழுத்து இறங்கிற்று, தோள் இறங்கிற்று, கையில் உயிர் வந்துவிட்டது. அவளை இழுத்துக்கொண்டு பின்னால் இருந்த உடை மாற்றும் அறைக்குப் போனார். "பச்சத்தண்ணி கொண்டா மச்சான். வெந்நி கொண்டுவந்தா கொன்னுடுவேன். ரெண்டு வெள்ளைத் துண்டு. சமையக்கட்டுல வெள்ளை வினிகர் இருக்கும், ஒரு மூடி போதும்." மைத்துனர் ஓடினார். வாழ்க்கையில் முதல் தடவையாக விளக்கம் சொல்லாமல் ஓடினார்.

சால்வையை மேசைமேல் விரித்து, அடியில் ஒரு துண்டைக் கொடுத்து, மேலே ஈரத்துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்தார். தேய்த்தால் பட்டின் மினுமினுப்புப் போய்விடும். ஒற்றினால் கறை தானாக ஏறி வரும். பழுப்பு மங்கி, மஞ்சளாகி, இல்லாமல் போயிற்று. மகளுடைய கையெழுத்துக்கு இன்னும் கால்மணி இருந்தது.

"ஈரத்தோட போட்டா வட்டம் விழும். தேய்க்கணுமே. இப்ப இஸ்திரிப் பெட்டிக்கு எங்க போறது?"

மனைவி கைப்பையைத் திறந்து சின்ன இஸ்திரிப் பெட்டியை எடுத்து வைத்தாள். அவருக்கு இருந்த அவசரத்தில், செருப்பு எப்படி இஸ்திரிப் பெட்டியாயிற்று என்று கேட்க நேரமில்லை. பிளக்கைச் சொருகினார். விரலை நாக்கில் தொட்டுப் பெட்டியின் அடியைத் தொட்டார். சுர்ரென்றால் பருத்திக்கு, உஸ்ஸென்றால் பட்டுக்கு. உஸ்ஸென்றதும் சால்வையை மறுபுறம் திருப்பி, மேலே கைக்குட்டையைப் போட்டுத் தேய்க்கத் தொடங்கினார். ஜன்னலில் மழை வெளிச்சம். கதவு ஒருக்களித்துக் கிடந்தது.

"பாத்து. கருக்கிடப் போறீங்க" என்றாள் அவள். "உங்களுக்குத்தான் அது பழக்கமாச்சே."

இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய பேச்சு. அப்போது அவள் வாடிக்கையாளர். முதல் வேலைக்கு நேர்முகத்துக்குப் போகிற அவசரத்தில், இளநீலச் சட்டை ஒன்றைக் கொடுத்து, பத்து நிமிஷத்தில் தேய்த்துத் தரச் சொல்லி அங்கேயே நின்றாள். முதுகில் பெட்டியின் அச்சு அப்படியே கருகி விழுந்தது. "ஸ்விட்ச் சரியில்லீங்க" என்றார். அவள் அதற்கு நியாயம் கேட்டு மறுநாள் வந்தாள், அதற்கு மறுநாள் வந்தாள், மூன்றாவது வாரம் சண்டை போட மறந்துவிட்டு வந்தாள். அப்புறம் நடந்ததற்குக் கடையில் தொங்குகிற படம்தான் அத்தாட்சி.

லாண்டரிக்காரர் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார். மகள் கல்யாண நாள் என்பதாலோ, இனி படத்தில்தான் தனக்கு இடம் இல்லையே என்ற எண்ணத்தாலோ, வாயில் வந்துவிட்டது.

"அன்னைக்கு ஸ்விட்ச் சரியாத்தான்டி இருந்துச்சு."

"என்னது?"

"ஸ்விட்ச், ஒயரு, பெட்டி எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. நாந்தான் சரியா இல்ல. நீ கண்ணாடிக்குப் பக்கத்துல நின்னு தலைல இருந்த மழைத்தண்ணியத் துவட்டிக்கிட்டு இருந்த. பாத்துக்கிட்டே இருந்தேனா, கை நின்னுபோச்சு."

அவள் ஒருக்களித்த கதவை ஒரு தடவை பார்த்தாள்.

"நாலு பேரு இழுத்துட்டு வந்து நிறுத்தினாங்கன்னு சொல்லுவியே. நாலு பேரு பிடிச்சு இழுத்தாலும் உன் பக்கத்துல இருந்து நகந்திருக்கமாட்டேன். அதச் சொல்றதுக்குத்தான் மூஞ்சி தெரியல எனக்கு."

"இருபத்தெட்டு வருஷமா ஸ்விட்ச் மேலயா பழியப் போட்டீங்க?"

"அதுக்கப்புறம் மூணு ஸ்விட்ச் மாத்திட்டேன். எல்லாம் உன் திருப்திக்குத்தான்."

சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்கிருந்து தொடங்கிற்று என்று அவருக்குத் தெரியாது. வயிற்றிலிருந்து வந்தது, தோளைக் குலுக்கிற்று, கண்ணில் நீர் கட்டிற்று. கை பட்டுப் பெட்டி சால்வைமேல் சரிந்துவிடும் என்று கையை மேலே தூக்கிக்கொண்டு சிரித்தார். பிறகு சால்வையை மடிப்புக் கலையாமல் அவள் தோளில் போட்டு, ஓரத்தை நீவிவிட்டு, இருவரும் கையெழுத்துக்கு ஓடினார்கள்.

இரண்டு வாரம் கழித்து மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் கறுப்புச் சட்டை அம்மாள் படங்களைக் கொண்டுவந்தாள். தேய்க்கிற மேசையைத் துடைத்து எல்லோரும் சுற்றி நின்றார்கள். மகளும் மாப்பிள்ளையும் அவ்வளவு அழகாக வந்திருந்தார்கள். மைத்துனர் தட்டோடு சாப்பாட்டு வரிசையில் நிற்கிற படம் ஒன்பது இருந்தது. லாண்டரிக்காரர் வருகிற இடம் வந்தால் மட்டும் சிரிப்பு அலை எழுந்தது. தூணைப் பார்த்து விறைத்தவர். மாடிப்படியைப் பார்த்து விறைத்தவர். காலரைச் சுட்டிக்காட்டுகிறவர். நாக்கைக் கடித்துக்கொண்டு விழிக்கிறவர்.

"போதும்மா, எடுத்து வச்சிடுங்க" என்றார் அவர், சின்னக் குரலில்.

"ஒண்ணு பாக்கி ஐயா."

கடைசி உறையிலிருந்து பெரிய படத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

ஜன்னல் வெளிச்சம். மேசைமேல் கத்தரிப்பூச் சால்வை. அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு முகம் தன்னிடம் இருப்பது அவருக்கே தெரியாது. பார்த்தால், வாழ்நாள் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் இருந்த மனிதன் என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

பக்கத்தில் அவள் நின்றாள். கழுத்து நட்டுக்கொண்டு. தோள் இரண்டும் காதைத் தொட. உதடு உள்ளே மடிந்து, கண் இரண்டும் கதவிடுக்கைப் பார்த்து முழித்துக்கொண்டு. கையும் களவுமாக.

முதலில் மகள்தான் அடக்க முடியாமல் சிரித்தாள். மைத்துனர், "அக்கா, உன்னை நாலு பேரு பிடிச்சு இழுத்துட்டு வந்து நிறுத்தின மாதிரி இருக்கு" என்றார்.

லாண்டரிக்காரர் சிரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கைப்பை கனத்தது. செருப்பு இஸ்திரிப் பெட்டியானது. எப்போதும் ஒரு சொட்டுச் சிந்தாமல் டீ குடிக்கிறவள். தெரிஞ்சவங்க முகம் மட்டும் கட்டை மாதிரி வரும். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

"யாரும் இடிக்கல, இல்ல?" என்றார்.

அவள் சீட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள்.

"பட்டுச் சால்வை. போட்டது அன்னைக்குத்தான் முதல் தடவை. அதுல போயி நீயே டீயக் கொட்டிக்கிட்டியா?"

"பழசுல கொட்டியிருந்தா நீங்க எந்திரிச்சு வந்திருப்பீங்களா?" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "டீயக் கொட்டினது நாந்தான், ஒத்துக்கறேன். ஆனா நீங்க அந்தப் பேச்செல்லாம் பேசுவீங்கன்னு எனக்கென்ன தெரியும்? கதவுக்குப் பின்னால இந்தம்மா நிக்கறாங்க. அங்க நின்னு நான் சிரிக்கறதா, அழுவறதா?"

கறுப்புச் சட்டை அம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "வழக்கமா வெட்டிட்டுத்தான் கொடுப்போம். அம்மாவ ஓரமா வெட்டிட்டா ஐயா மட்டும் ரொம்ப நல்லா வருவாரு. வெட்டிடட்டுமா?"

"கை வச்சா பாருங்க" என்றார் லாண்டரிக்காரர்.

புதுப் படம் பழைய படத்துக்குப் பக்கத்தில் ஏறியது. ஒன்றில் அவள் சிரிக்கிறாள், அவர் விறைத்து நிற்கிறார். இன்னொன்றில் அவர் சிரிக்கிறார், அவள் விறைத்து நிற்கிறாள். மாட்டிய மறுநாளே பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் கோட்டு வாங்க வந்தார். சீட்டைத் தேடிக்கொண்டே மேலே பார்த்தார். இந்தப் படத்தைப் பார்த்தார், அந்தப் படத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, ரெண்டு பேருல யாருக்கும்மா இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்லாம இருந்துச்சு?"

மனைவி பதில் சொல்ல வாயெடுத்தாள். இருபத்தெட்டு வருஷமாகச் சொன்ன பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லவில்லை. முகம் சிவந்து, சால்வையே இல்லாத தோளில் அதன் ஓரத்தை நீவுவது போல நீவிக்கொண்டு, குனிந்து சிரித்தாள். திரை அன்றைக்கு விலகியிருந்தது. பின்னால் வெள்ளைச் சட்டை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆசிரியர் மூக்கை உறிஞ்சினார். "அம்மா, உள்ள எதுவோ கருகற வாடை வருதே?"

அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"ஒண்ணுமில்ல சார்" என்றாள். "அந்த ஸ்விட்ச் கொஞ்சம் சரியில்ல."